வலப்பக்கம் சரி

தன் இருக்கை தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டும்வரை அவள் விமானத்தைத் திருப்பவில்லை. சிறிய விமானங்களில் பழகியவர்கள் கோடு காலடிக்கு வந்ததும் திருப்பிவிடுவார்கள். இதில் மூக்குச் சக்கரம் விமானியின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கோடு கண்ணிலிருந்து மறைந்த பிறகு, இடக்கைப் பக்கத்துச் சிறிய பிடியை மெல்லத் திருகினாள். நீண்ட விமானம் ஆள் நடக்கிற வேகத்தில் இடதுபுறம் வளையத் தொடங்கியது. எதிரே நிறுத்துமிடத்தில் சைகைக்காரர் இரண்டு ஆரஞ்சுக் கோல்களையும் ஆட்டி வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வலப்பக்கம் சரி," என்றார் வலது இருக்கையில் இருந்த பரீட்சை கேப்டன்.

அவள் பிரேக்கை மிதித்தாள். விமானம் நின்றது.

துணை விமானியாக ஏழு வருஷம் வலது இருக்கையில் இருந்தவள். இன்று இடது இருக்கையில் கடைசிப் பரீட்சை. இவர் கையெழுத்துப் போட்டால் இந்த விமானத்துக்கு அவள் கேப்டன். போடாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் பழைய இருக்கை. பின்னால் விமானத்தின் முதலாளியும் அவர் மேனேஜரும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்திருப்பார்கள். நிலையத்து வாசல் கண்ணுக்கு எதிரே இருந்தது.

"என்னம்மா?"

"வலது இறக்கை முனை தெரியலை சார். அந்த எண்ணெய் லாரி சிவப்புக் கோட்டைத் தாண்டி மூக்கை நீட்டிக்கிட்டு நிக்குது."

"அதான் சரின்னு சொன்னேனே. அவரும் வா வான்னுதானே கூப்பிடுறார்."

"அவர் நமக்கு நேரா நிக்கிறார் சார். அங்கேருந்து இடைவெளி தெரியாது."

இந்த விமானத்தின் இறக்கைகள் பின்னால் சாய்ந்தவை. இடப்பக்கம் திரும்பும்போது வலது முனை வெளியே வீசிக்கொண்டு போகும். நேராகப் போகையில் தாராளமாக இருந்த இடம் திருப்பத்தில் இல்லாமல் போகும்.

திருப்பத்தின் நடுவே யாரும் விரும்பி நிற்பதில்லை. நின்றுவிட்ட கனத்தை மறுபடி நகர்த்த எஞ்சினுக்கு விசையை ஓங்கிக் கொடுக்க வேண்டும். பின்னால் பயிற்சிப் பள்ளியின் குட்டி விமானங்கள் வரிசையாக நின்றன. எஞ்சின் பின்னால் தள்ளும் காற்றில் அவை காகிதம் மாதிரிப் புரண்டுவிடும். ஆகவே இங்கே நின்றால் நின்றதுதான். எஞ்சினை அணைத்துவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிட வேண்டும். தெரிந்துதான் மிதித்தாள். எஞ்சின்களை ஒவ்வொன்றாக அணைத்தாள். கடையில் சோப்பு கேட்கிற குரலில் ரேடியோவில் இழுவை வண்டி கேட்டாள்.

மேனேஜர் தலையை நீட்டினார். "கேப்டன், ஐயா கேக்கிறார். வாசல் இதோ இருக்கு. ஏன் நின்னுடுச்சு?"

"படியை இறக்கித் தர்றேன். இங்கேருந்து நடந்து போயிடலாம்," என்றாள் அவள்.

"ஐயாவை நடக்கச் சொல்றீங்களா?"

"இவ்வளவு நேரம் உக்காந்தே வந்திருக்கார். காலுக்கு நல்லதுதான்."

மேனேஜர் பரீட்சை கேப்டனைப் பார்த்தார். "இதையும் எழுதிக்குங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தளத்தில் அவளுக்கு ஆமை என்று பெயர். இடது இருக்கைப் பயிற்சியில் ஊர்ந்து போகிறாள் என்று இழுவை வண்டிக்காரர்கள் வைத்தது. அவள் காதுக்கு எட்டியபோது வீட்டில் சொன்னாள். கணவன் நகரத்தில் நடுவே மடிப்பு வைத்த நீளப் பேருந்து ஓட்டுகிறவன்.

"கோபம் வரலையா உனக்கு?"

"ஆமை எதையாவது இடிச்சுப் பாத்திருக்கீங்களா?"

"இடிச்சாலும் அதுக்கு ஓடு இருக்கு. உனக்கு என்ன இருக்கு?"

"நீங்க இருக்கீங்களே."

"நல்லா மாட்டினேன்."

விடுமுறை நாளில் காரை யார் ஓட்டினாலும் மற்றவர் குறை சொல்லிக்கொண்டே வருவது அந்த வீட்டு வழக்கம். "அம்மா ஓட்டினா நான் இறங்கி நடக்கிறேன், முன்னாடியே போயிடலாம்," என்பாள் மகள். அம்மா வேகத்தைக் கூட்டியதில்லை.

முதலாளி போனில் பேசிக்கொண்டே நடந்து போனார். சைகைக்காரர் கோல்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்தார்.

"ஏன் மேடம், என் கையை நம்பலையா? எல்லாரும் பாக்கிறாங்க. மானம் போச்சு."

"கையை நம்புறேன் அண்ணே. உங்க கண்ணு அங்க எட்டாது, அவ்வளவுதான். வாங்க, பாப்போம்."

இருவரும் வலது முனைக்குக் கீழே போய் நின்றார்கள். அவர் ஒரு கோலை முனைக்கும் லாரிக்கும் நடுவில் நீட்டினார். நுழைந்தது.

"போயிருக்கலாமே மேடம்."

"இன்னும் பாதித் திருப்பம் பாக்கி இருக்கு."

அவர் வாலைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். நிலத்தில் காலால் ஒரு வளைவு போட்டுப் பார்த்தார். "தெரியலை," என்றார்.

கையில் டீயோடு லாரிக்காரர் வந்தார். "என்ன ஆச்சு, கூட்டமா நிக்கிறீங்க?"

"உன் வண்டிக்கு மூக்கு நீளம்யா. எடு முதல்ல," என்றார் சைகைக்காரர். அவமானத்தை இறக்கிவைக்க ஆள் கிடைத்ததில் அவர் குரல் தெளிந்திருந்தது.

லாரி போய்விட்டது. இடித்திருக்குமா என்பது இனி யாருக்கும் தெரியாது. அது அவளை உறுத்தவில்லை.

ஒவ்வொரு இறக்கை முனையோடும் ஓர் ஆள் நடந்து வர, இழுவை வண்டி விமானத்தை இடத்தில் கொண்டுபோய் விட்டது. பரீட்சை கேப்டன் படியருகே காத்திருந்தார்.

"அந்த மேனேஜர் சும்மா விடமாட்டார். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"நான் சரின்னு சொன்ன பிறகும் நிறுத்தினே. பக்கத்துல இருக்கிறவன் பேச்சைக் கேக்கலைன்னு எழுதவா?"

"எழுதுங்க சார். ஆனா அந்த சீட்ல உக்காந்து நானும் தினம் வலப்பக்கம் சரின்னு சொல்லியிருக்கேன். ஜன்னல் கண்ணாடியில தெரியிற வரைக்கும் சரின்னுதான் அதுக்கு அர்த்தம். முனை அங்கேருந்து தெரியாது. கழுத்தைத் திருகினாலும் தெரியாது."

அவர் படியேறி உள்ளே போனார். அவள் பின்னால் போனாள். அவர் வலது இருக்கையில் உட்கார்ந்து கன்னத்தைக் கண்ணாடியோடு ஒட்டவைத்துப் பின்னால் பார்த்தார். மூக்குக்கண்ணாடி இடித்தது. அதைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். எழுந்து, இருக்கையை முன்னால் நகர்த்தி, இன்னொரு தடவை.

"சோதிக்கத்தான் சொன்னேன்னு சொல்லிடலாம்," என்றார். "நீ நம்பமாட்டே."

"மாட்டேன் சார்."

"பழக்கம். வாய் பாட்டுக்குச் சொல்லிடுது." சட்டைப் பையைத் தடவினார். "பேனா வச்சிருக்கியா?"

மறுநாள் காலை விமானம் நேரத்துக்குப் புறப்பட்டது. அவள் இடது இருக்கையில் இருந்தாள். முதலாளி வரவில்லை. அவருடைய வக்கீல்கள் இருவர் வந்தார்கள், வழியெல்லாம் தூங்கினார்கள். இறங்கிய இடத்தில் நிறுத்தத் தாராளமாக இடம் இருந்தது. மாலையில் திரும்பியபோது மேனேஜரின் புகார் அலுவலகத்துக்கு வந்திருந்தது. விளக்கம் கேட்டார்கள். அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். வழியில் மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கினாள். கணவனுக்கு இரண்டாவது ஷிப்ட். வீட்டில் இருந்ததைச் சூடுபண்ணி அவளும் மகளும் சாப்பிட்டார்கள். பிறகு துணி துவைத்துக் காயப்போட்டாள்.