பதினொரு சிவப்புப் புள்ளிகள்

பதினாறு வருடமாகப் போலியோ சொட்டு மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வடசென்னைச் சடையங்குப்பத்தில் வீடு வீடாக ஏறி இறங்கியவள் செங்கொடி. எந்தச் சந்தில் கைக்குழந்தை இருக்கிறது, எந்த அறையில் மணலிக் கம்பெனிகளுக்கு வந்த வடக்கத்தியர் எட்டுப் பேராக அடைந்து கிடக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அதனால்தான் கல்லூரிக்காரர்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

சரித்திரம், சமூகவியல், சட்டம் என்று மூன்று துறைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. இந்த நாட்டுக் குடிமகன் யார், ஒருவன் பேசும் மொழியும் முகச்சாயலும் அதை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதுதான் கேள்வி. கீர்த்தி என்ற மாணவி அவளுக்குப் பொறுமையாக விளக்கினாள்.

"நல்லதுக்குத்தானே கண்ணு?"

"ஆமாக்கா. இவங்க படுற கஷ்டம் வெளியில தெரியணும்."

செங்கொடி கூட வந்ததால் எல்லோரும் பேசினார்கள். பழைய இரும்புக் கிடங்கில் வேலை செய்யும் மொஹ்சின் மட்டும் தயங்கினான். மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத்காரன். அவன் மகளுக்குச் சொட்டு மருந்து ஊற்றியதே செங்கொடிதான்.

"அக்கா, பேர் எழுத வேணாம்."

"நான் கூட கீறேன்ல? உனுக்கு இன்னா பயம்?"

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் பேசினான். ஆறு கரையை அரித்து வீட்டை இழுத்துக்கொண்டு போனதையும், பத்திரமெல்லாம் அதோடு போனதையும், தான் படித்த பள்ளிக்கூடத்தையும் சொன்னான். கீர்த்தி போனில் பதிவு செய்துகொண்டாள்.

கல்லூரியில் கண்காட்சி வைத்தார்கள். யார் பெயரும் இல்லை. ஆனால் செங்கொடி சந்து சந்தாகச் சொல்லிக் கொடுத்து வரைந்த வரைபடம் சுவரில் பெரிதாக இருந்தது. வீட்டுக்கு ஒரு புள்ளி. வங்காளம் பேசுகிற வீட்டுக்குச் சிவப்பு. பதினொன்று இருந்தன. அவளை மேடையேற்றிக் கைதட்டினார்கள். வரைபடத்தின் பக்கத்தில் அவள் நிற்கும் படம் மறுநாள் பேப்பரில் வந்தது.

ஒன்பதாம் நாள் காலை, தண்ணி லாரிக்கு வரிசையில் நின்றபோது போலீஸ் வேன் வந்தது. ஒருவர் போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"பங்களாதேஷ்காரன் வூடு எதும்மா?"

செங்கொடி வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. சந்து பிசகாமல் போனார்கள். பிடிபட்டவர்களில் மற்றவர்கள் பத்திரங்களைக் காட்டிச் சாயங்காலமே திரும்பிவிட்டார்கள். மொஹ்சினிடம் இருந்தது ஆதார் மட்டும். அது போதாது என்று உள்ளே வைத்தார்கள்.

அவள் பேராசிரியர் எபினேசரிடம் ஓடினாள். ஆய்வுக்குத் தலைவர் அவர்தான்.

"சார், அவன் ஊரு, இஸ்கூலு, வாத்தியார் பேரு எல்லாம் அந்த ரிக்கார்டுல கீது. போலீஸ்ல குடுங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அதே பதிவுல, அவங்கம்மா எல்லைக்கு அந்தப் பக்கம் பொறந்தவங்கன்னும் சொல்லியிருக்கார்மா. போலீஸ் எதைக் காதுல வாங்கும்?"

அவள் பள்ளிக்கூடத்தின் பெயரை மட்டும் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். உன்னிடம் அவன் சொன்னது சாட்சியாகாது என்று அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் வீட்டுச் சொந்தக்காரர் மொஹ்சினின் மனைவியைக் காலி செய்யச் சொன்னார். "எங்கூட்டுக்கு வா" என்று செங்கொடி கூப்பிட்டாள். அந்தப் பெண் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, புளியந்தோப்பில் இருந்த உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஊரிலிருந்து அவன் அண்ணன் பள்ளிப் பதிவேட்டின் நகலோடு ரயிலேறி வந்த பிறகுதான் மொஹ்சினை விட்டார்கள். முப்பத்து நான்கு நாள் ஆகியிருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் வாசலில் ஒதுக்கி வைத்திருந்த சாமானை எடுக்க வந்தவன் பாதியாய் இளைத்திருந்தான். ஒரு காது சரியாகக் கேட்கவில்லை.

"எம்மேல கோவமா, மொஹ்சின்?"

"நீ இல்லேன்னா நான் பேசியிருக்க மாட்டேன், அக்கா." குரலில் கோபம் இல்லை. டேபிள் ஃபேனைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னான். அன்றைக்கே குடும்பத்தோடு ரயிலேறினான்.

வரைபடத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொல்லிக் கீர்த்தி ஒருநாள் வந்து அழுதாள். செங்கொடி அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். அடுத்த சொட்டு மருந்து முகாமுக்கு நர்ஸம்மா ஆள் அனுப்பியபோது, வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

இப்போது காசிமேட்டில் இறால் உரிக்கப் போகிறாள். ஐஸில் விரல் மரத்துப்போகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒடியா பேசும் பெண்ணை எந்த ஊர் என்று அவள் இதுவரை கேட்டதில்லை.