எங்கள் கடையில் தவனம் கிடையாது

அன்றைக்குக் காலையில் கடைச் சாவியை அண்ணாச்சி கொண்டுவந்தார். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் எங்கள் ஊதுவத்திக் கடைக்கு வந்துபோன உங்களுக்கெல்லாம் தெரியும், அந்தச் சாவி ஞானக்காவின் இடுப்பை விட்டு இறங்காது. அவர் வீட்டுக்காரரான அண்ணாச்சி பக்கத்து மளிகைக் கடையைப் பார்ப்பார். எங்கள் படியை மிதிக்கவே மாட்டார். அவர் கையில் சாவியைப் பார்த்ததுமே அக்காவுக்கு என்ன என்று கேட்டேன்.

"விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னா, வசந்தி. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருததுக்குள்ள போயிட்டா."

சொல்லிவிட்டுப் பூட்டில் சாவியைப் போட்டார். போட்டுக்கொண்டே இருந்தார். திறக்கத் தெரியவில்லை. நான்தான் வாங்கித் திறந்தேன். போகும்போது திரும்பி நின்று ஒன்று சொன்னார். "வீட்டுக்கு வரும்போது வத்தி எடுத்துட்டு வாம்மா. எது கொளுத்தணும்னு உங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். நினைவுக் கூட்டத்தில் படிக்க எழுதிக் கொடுங்கள் என்று அக்காவின் மகள் கேட்டதால் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது நான் வேலை பார்க்கும் அந்தக் கடையும் அக்காவும்தான்.

அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். வேதக்கார வீடு, கிறிஸ்தவர்கள். சொந்த வீட்டில் வத்தி கொளுத்தும் பழக்கமே கிடையாது. ஆனால் கடைக்கு யார் வந்தாலும், எது வேணும் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. "எதுக்கு?" என்றுதான் கேட்பார். கல்யாணமா, வளைகாப்பா, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறதா, காய்ச்சலில் யாராவது படுத்திருக்கிறார்களா? அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கை பெட்டிக்குப் போகும்.

ஒருநாள் நெட்டுக்குப்பத்து மீன்காரம்மா அரக்கப்பரக்க வந்தாள். "யக்கா, கமகமன்னு மல்லி குடு. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றானுங்க. வூடெல்லாம் மீன் கவுச்சி."

"மாப்பிள்ளை எந்த ஊரு?"

"முகத்துவாரக்குப்பம்."

"அப்ப அவன் வீட்டுல மட்டும் பன்னீரா மணக்குது? கவுச்சியும் மல்லியும் கலந்தா வந்தவனுக்குத் தலைவலிதான் வரும். காலையில சாம்பிராணி போடு. அவங்க வார நேரத்துக்கு வெட்டிவேர் ஒண்ணு அடுப்படியில கொளுத்து, போதும். வீடு வீடாட்டம் இருக்கணும்."

இடம் முடிந்துவிட்டது. அந்தம்மா சந்தோஷத்தில் ஒரு முழு வஞ்சிரத்தைக் கொண்டுவந்து கல்லாப்பெட்டி மேலேயே வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வரை சந்தனமும் ரோஜாவும் மீனாக நாறின. "இதுக்கு என்னத்தளா கொளுத்துவோம்?" என்று அக்கா கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்.

இன்னொரு நாள் ஹார்பரில் வேலை பார்க்கும் ஒருத்தர் வந்து, இருப்பதிலேயே விலை ஜாஸ்தியான ரோஜா வத்தியைக் கேட்டார்.

"வீட்டுல சண்டையா?"

"அதெல்லாம் இல்லம்மா. சும்மா பேஜாரு பண்ணாத."

"ரோஜாவோட போனீங்கன்னா, என்னமோ தப்பு பண்ணிட்டு வந்திருக்கீங்கன்னு அவளுக்குத் தெரிஞ்சுரும். அவ தினமும் எதைப் பொருத்துவாளோ அதையே வாங்கிட்டுப் போங்க."

"அவ இன்னா பொருத்துறான்னு எனக்கு எப்டித் தெரியும்?"

"அதுதான் சண்டை" என்றார் அக்கா.

சாவு வீட்டிலிருந்து ஆள் வந்தால் மட்டும் அக்கா இப்படிப் பேசமாட்டார். உங்கள் வீட்டில் வழக்கமாக என்ன வத்தி என்று மெதுவாகக் கேட்பார். அதை மட்டும் கொடுக்கவே மாட்டார். அந்த வீட்டுக்குள் இதுவரை போகாத வாசனை எதுவோ அதைத்தான் எடுத்துக் கொடுப்பார். "பொணத்துக்குப் பக்கத்துல எரிஞ்ச வாசனை அப்புறம் அந்தச் சாவுக்குத்தான் சொந்தம். வெள்ளிக்கிழமை கொளுத்துறதைக் கொண்டுபோய் அங்க வச்சோம்னா, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாடை வந்து நிக்கும்" என்பார்.

அதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் கண்டெய்னர் லாரி ஓட்டினவர். எண்ணூர் ரோட்டில் ஆக்சிடெண்டில் போய்விட்டார். கொண்டுவந்து வீட்டில் கிடத்தியிருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் என் சாமிப் படத்தடியில் இருந்த மல்லி வத்தியையே எடுத்துத் தலைமாட்டில் கொளுத்திவிட்டார்கள். எனக்கு எங்கே நினைப்பு இருந்தது? அக்கா மூச்சு வாங்க ஓடிவந்தார். வந்தவர் என்னைக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய் எரிகிற வத்தியை விரலாலேயே நசுக்கி அணைத்தார்.

"இன்னா பொம்பள நீ? பொணத்தாண்ட எரியறத அணைக்கிற!" என்று ஒரு கிழவி கத்தினாள்.

"ஏசுறத அப்புறம் ஏசுங்க. தீப்பெட்டியக் குடுங்க" என்று சொல்லி, மடியிலிருந்து தவன வத்தியை எடுத்துக் கொளுத்தினார். பிறகுதான் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "மல்லி உனக்கு வேணும்ளா. உனக்கு ஒரு மவ இருக்கா" என்று என் காதில் சொன்னார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. புருஷன் செத்துக் கிடக்கிறான், மல்லி ஒரு கேடா என்று நினைத்தேன்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் என் மகள் கல்யாணம் நடந்தது. மண்டபம் முழுக்க மல்லி. மணமேடைக்குப் பக்கத்தில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். பூ வாசனை மட்டும்தான் வந்தது. எதிரே அக்கா உட்கார்ந்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தவனம்தான் எனக்கு ஆகாமல் போய்விட்டது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரி கதம்பத்தில் தவனம் வைத்திருந்தாள் என்பதற்காகப் பாதி வழியில் இறங்கி நடந்திருக்கிறேன். அதை ஒருதரம் அக்காவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு கடையில் யாராவது தவனம் கேட்டால் நான் வாய் திறப்பதற்குள் "ஸ்டாக் தீந்துபோச்சு" என்று அவரே சொல்லி அனுப்பிவிடுவார். என் கண்ணில் படாமல் மேல்தட்டில் வைத்திருக்கிறார், நான் இல்லாதபோது விற்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அண்ணாச்சி போன பிறகு கடைக்குள் தனியாக நின்றேன். எதை எடுப்பது? இதுவரை போகாத வாசனை என்று அந்தக் கடையில் எனக்கு எது இருக்கிறது? எதைத் தொட்டாலும் அதில் அக்கா இருக்கிறார். வெட்டிவேரை எடுத்தால் அந்த வஞ்சிர மீன் சிரிப்பு போய்விடும். மல்லியை எடுத்தால் என் மகள் கல்யாணம் போய்விடும். அப்போதுதான் தவனம் ஞாபகம் வந்தது. அது ஏற்கெனவே எனக்குச் செத்த வாசனை. அதிலேயே இந்தச் சாவையும் போட்டுவிட்டால் மற்றதெல்லாம் தப்பிக்கும். அக்கா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

ஸ்டூல் போட்டு ஏறி மேல்தட்டைத் துழாவினேன். பழைய கிறிஸ்துமஸ் ஸ்டாரும் கொஞ்சம் காலி அட்டைப்பெட்டியும் இருந்தன. தவனம் இல்லை. ஓடிப்போய் அண்ணாச்சியைக் கேட்டேன்.

"அது வாங்கி வருஷக்கணக்கா ஆச்சே. ஏஜெண்டு எத்தன தடவ கேட்டாலும், அந்த வாசனை நம்ம கடைக்கு ஆகாதுன்னுட்டா. ஏன்னு அவ சொல்லல, நானும் கேக்கல."

அதுவரை எனக்கு அழுகை வரவில்லை. திரும்பிவந்து ஸ்டூலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

கடைசியில் சந்தனத்தை எடுத்தேன். தினம் கடை திறந்ததும் அக்காவும் நானும் முதலில் கொளுத்துவது அதுதான். அவர் வத்தியைப் பிடிப்பார், நான் தீக்குச்சி கிழிப்பேன். தலைமாட்டில் கொளுத்தும்போது இரண்டையும் நானே செய்தேன்.

இப்போதும் காலையில் அதைத்தான் கொளுத்துகிறேன். புகை எழும்பியதும் அக்கா பெட்டிக்குள் படுத்திருந்தது கண்முன் வந்துவிடுகிறது. வேறு வத்திக்கு மாறிக்கொள்ளும்மா என்று என் மகள் சொல்கிறாள். அக்கா இருந்திருந்தால் சொல்லிக்கொண்டிருக்கமாட்டார், விரலாலேயே நசுக்கி அணைத்திருப்பார். அப்படி ஓடிவந்து அணைக்க எனக்கு இனி ஆள் இல்லை. அதனால் எரியட்டும் என்று விட்டிருக்கிறேன். வலித்தாலும் அந்த நேரத்தில் அவர் கடையில் இருக்கிறார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இரண்டு. யார் வந்தாலும் "எதுக்கு?" என்றுதான் கேட்கிறேன். இன்னொன்று மேல்தட்டில் தவனம் இல்லாத அந்தக் காலி இடம். போன வாரம் ஏஜெண்டு வந்து, புதுத் தவனம் வந்திருக்கிறது, போடட்டுமா என்றார்.

"வேணாங்க. அந்த வாசனை எங்க கடைக்கு ஆகாது" என்றேன்.