இரண்டாம் முறை எழுந்து நின்ற என் மகன்

என் மகன் எபி பேசுவதை நிறுத்திவிட்டான் என்பது பல மாதங்களாக எனக்குத் தெரியாது. ஏனென்றால் தினமும் அவன் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தான். "ஸ்தோத்திரம்ப்பா. சாப்பிட்டேன்ப்பா. வேலை நல்லாப் போகுதுப்பா." பிறகு நான் ஜெபம் செய்வேன். அவன் ஆமென் சொல்வான். போனை வைத்துவிடுவோம். பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று நானும் நிம்மதியாக விளக்கை அணைப்பேன்.

இதைச் சபையில் எழுந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பாதியில் குரல் உடைந்துவிடும். அதனால் எழுதுகிறேன். விசுவாசக் குடும்பத்தார் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் மனைவி மூன்று வருடங்களுக்கு முன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். எபி எங்களுக்கு ஒரே பிள்ளை. இன்ஜினியரிங் முடித்துவிட்டுச் சென்ற வருடம் ஏப்ரலில் புனேவுக்குப் போனான். கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அதற்கு முன் அவன் மதுரையைத் தாண்டி எங்கும் தங்கியதில்லை. இந்தி தெரியாது. அறையில் கூட இருந்த இரண்டு பையன்களும் வடக்கத்திப் பிள்ளைகள். இவன் வேலைக்குப் போகும்போது அவர்கள் தூங்குவார்கள். இவன் திரும்பும்போது அவர்கள் கிளம்பியிருப்பார்கள்.

அங்கே ஒரு தமிழ்ச் சபை இருப்பதாகச் சொன்னான். அதன் ஆராதனை யூடியூபில் நேரலையாக வரும். ஞாயிறு காலையில் நான் இங்கே முதல் ஆராதனையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, போனைச் சுவரில் சாய்த்து வைத்து அதைப் பார்ப்பேன். மகனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். கேமரா திரும்பும்போதெல்லாம் அவன் தலையைத் தேடுவேன்.

முதல் மாதமே அவனைப் பார்த்தேன். "முதல் தடவையா வந்திருக்கவங்க எந்திரிச்சு நில்லுங்க" என்று போதகர் சொன்னார். எபி எழுந்தான். மைக்கில் பெயரையும் ஊரையும் சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் கை கொடுத்தார்கள். என் மகன் சிரித்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சபைக்காக அன்றே நன்றி செலுத்தினேன். அடுத்த வாரங்களில் கேமராவில் அவன் தட்டுப்படவில்லை; பின்வரிசையில் இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. அதே சபை, அதே அழைப்பு. "முதல் தடவையா வந்திருக்கவங்க எந்திரிச்சு நில்லுங்க." இரண்டு பெண்கள் எழுந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் எபியும் எழுந்தான்.

பழைய வீடியோ ஓடுகிறதோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவன் போட்டிருந்தது பிறந்தநாளுக்கு நான் அனுப்பிய நீலச் சட்டை. அது போய்ச் சேர்ந்தே பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவன் பெயரைச் சொன்னான். ஊரைச் சொன்னான். கைதட்டினார்கள். அவன் சிரித்தான். ஆள் மெலிந்து, கன்னத்து எலும்பு தெரிந்தது.

என் பிள்ளை ஆலயத்தில் நின்று பொய் சொல்கிறான். அந்த நிமிடம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. மனிதன் எதற்காகவெல்லாம் பொய் சொல்வான் என்று எனக்குத் தெரியும். கைதட்டலுக்காக ஒருவன் பொய் சொன்னால் அவனிடம் வேறு என்ன மிச்சம் இருக்கிறது?

போனை அணைத்துவிட்டு முழங்காலில் நின்றேன். எத்தனையோ வருடம் ஜெபக்குழு நடத்தியவன் நான். வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, நான் தூரத்தில் இருக்கிறேன். அவன் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தும். ஒரே ஒரு ஆளை." இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அன்று மாலை அவனிடம் பேசும்போது கேட்க வாய் வரவில்லை. கேட்டால் போன் செய்வதையும் நிறுத்திவிடுவானோ என்று பயந்தேன். சபையின் ஜெப விண்ணப்பத்தில் அவன் பெயரைக் கொடுக்கவும் தயக்கம். திங்கட்கிழமை பள்ளியில் எங்கள் அலுவலக உதவியாளர் முத்துப்பாண்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், மொகம் இம்புட்டு வாடிக் கெடக்கு? ஒடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல பாண்டி."

"ஒண்ணுமில்லாததுக்கா ஒரே கவர்ல மூணு தடவ பசை தடவுறீக?"

கவரை மேசைக்குள் தள்ளிவிட்டேன். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை.

செவ்வாய் மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"ஏனுங்க, எபி தம்பியோட அப்பாங்களா? நான் புனேயில இருந்து பேசறேனுங்க. பேரு செல்வி. நமக்கும் ஒட்டன்சத்திரம் பக்கந்தானுங்க. தம்பி மைக்குல திண்டுக்கல்லுன்னு சொன்னதும் நானே போயி வீட்டு நம்பரு வாங்கிட்டேன்."

அந்தச் சபையில் புதிதாக வருகிறவர்களை வரவேற்கும் குழுவில் இருப்பதாக அவர் சொன்னார். அவர் கேட்பதற்கு முன்பே, "மன்னிச்சிருங்கம்மா, பையன் முன்னமே ஒரு தடவ..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுமுங்க. மொகம் எனக்கு மறக்காது. அதுக்கு எதுக்குங்க மன்னிப்பு? இருவது வருசத்துக்கு முன்ன நான் கல்யாணமாகி இங்க வந்த புதுசுல காய்க்காரங்கிட்ட காலையில தக்காளி, மத்தியானம் கொத்தமல்லி, சாயங்காலம் பச்சமொளகான்னு மூணு வாட்டி போவேனுங்க. வீட்டுக்காரரு, 'அந்தாளு கடையையே வாங்கிரு'ன்னாரு. அந்தக் காய்க்காரன் ஒருத்தன்தான் என்னப் பாத்துச் சிரிப்பான். அதுக்காவத்தான் போனேன்."

நான் பள்ளி வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் கேட்ட ஆள் இவர்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் அடுத்ததாக அவர் சொன்னதை ஏற்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஊர்விட்டு வந்து தவிக்கிற பிள்ளைகளுக்காக அந்தச் சபையில் ஒரு மனநல ஆலோசகரை ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். தமிழ் தெரிந்தவர். எபியை அவரிடம் அழைத்துப்போகலாமா என்று கேட்டார்.

"அவனுக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. உபவாசமிருந்து ஜெபிச்சா..."

"ஜெபிக்கலாமுங்க, நானும் ஜெபிக்கறேன். ஊரு புதுசு, பாசை புதுசு, தண்ணி புதுசு. வயிறு ஒத்துக்காட்டி மருந்து கேக்கறோமில்லீங்க? மனசு ஒத்துக்காட்டி என்னங்க பண்றது?"

நான் ஒரு ஆளைக் கேட்டேன். ஆள் வந்துவிட்டார். வந்தவரிடம் என் விருப்பப்படிதான் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல முடியுமா? "கூட்டிட்டுப் போங்கம்மா" என்றேன்.

அந்த வாரமே விடுப்புப் போட்டு, முன்பதிவில்லாத பெட்டியில் நானும் புனேவுக்குப் போனேன். அவன் அறைக்குக் கீழே ஒரு டீக்கடை. அங்கே நின்றபடிதான் எபி வாய் திறந்தான்.

"ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு சபைக்குப் போனேன்ப்பா. புதுசா வர்றவங்களுக்குத்தான் கை குடுப்பாங்க. பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க. அடுத்த வாரம் போனா நாம பழைய ஆளு. ஆனா யாருக்கும் பழக்கமில்லாத பழைய ஆளு."

"அப்புறம் ஏம்ப்பா மொத போன சபைக்கே திரும்பப் போன?"

"சபைங்க தீந்து போச்சுப்பா."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "ராத்திரி படுக்கும்போது, காலைல கண்ணு முழிக்காமலே இருந்துட்டாத் தேவலைன்னு இருக்கும்ப்பா."

அந்தத் தெருவில் ஆயிரம் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு எதுவும் கேட்கவில்லை. வசனம் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பெரிய பிள்ளையான பிறகு அவன் கையை நான் பிடித்ததே இல்லை.

ஆலோசகரிடம் அவன் வாரா வாரம் போனான். அவர் சொல்லி ஒரு மருத்துவரையும் பார்த்தோம். கொஞ்ச காலம் மாத்திரை சாப்பிட்டான். செல்வி அக்கா புதன்கிழமைதோறும் அவனை வீட்டுக்கு வரச் சொல்லி வேலை வாங்கினார். தேங்காய் துருவு, கேஸ் சிலிண்டரை மாட்டு, அவர் வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடு. விருந்தாளியாக ஒரு நாளும் நடத்தவில்லையாம்.

ஒருமுறை, எபியின் சம்மதத்தோடு, ஆலோசகர் என்னுடன் போனில் பேசினார். அவன் என்ன சொன்னான் என்பதைச் சொல்ல மாட்டேன் என்றார். பிறகு, "சார், எபி போனதுக்கப்புறம் நீங்க யார்கூட உக்காந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

"டிவி இருக்கும்மா" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்தது. மனைவி போனபோதுகூட நான் அப்படி அழவில்லை.

மறுநாள் மதியம் என் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு முத்துப்பாண்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையில் எடுத்த சோற்று உருண்டை கையிலேயே இருந்தது.

"இம்புட்டையும் உள்ள வச்சுக்கிட்டா சார், நேத்து எங்கிட்ட ஸ்டேப்ளர் எங்கன்னு சத்தம் போட்டீக?" என்றார். பிறகு, "நானும் தம்பிக்காக எங்க மாரியாத்தாகிட்டச் சொல்றேன். உங்க சாமி கோவிச்சுக்கிடாதுல்ல?" என்று கேட்டார்.

கோபித்துக்கொள்ளாது என்றேன். அன்றிலிருந்து மதியம் அவரோடுதான் சாப்பிடுகிறேன். தொட்டுக்கொள்ள அவர் வீட்டு வெஞ்சனம் எனக்கு, என் சமையலைப் பற்றிய கேலி அவருக்கு.

எபி இன்னும் புனேயில்தான் இருக்கிறான். மாத்திரை நின்றுவிட்டது. ஆலோசகரை மாதம் ஒருமுறை பார்க்கிறான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சாட்சி சொல்ல மாட்டேன். அவன் குரல் கொஞ்சம் தாழ்ந்தால் இன்றும் உடனே செல்வி அக்காவுக்குப் போன் போடுகிறேன். வீட்டில் மாலை நேரம் இன்றும் நீளமாகத்தான் இருக்கிறது.

போன சனிக்கிழமை நான்தான் அவனைக் கூப்பிட்டேன். பின்னால் ஒரே சத்தம். யாரோ இந்தியில் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். "அப்பா, கிரிக்கெட் ஆடிக்கிட்டிருக்கோம், செத்த நேரம் கழிச்சு நானே கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டான். நான் காத்திருந்தேன். கூப்பிடவே இல்லை. மறந்துவிட்டான். என் பிள்ளை என்னை மறந்துபோகும் அளவுக்கு அவனுக்கு ஒரு சாயங்காலம் கிடைத்திருக்கிறது! காலியான வீட்டில் முழங்காலிட்டு, அந்த மறதிக்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

பிள்ளைகளைத் தூரத்து ஊருக்கு அனுப்பிவிட்டு இதை வாசிக்கிற தகப்பனே, தாயே, நம்பிக் கேளுங்கள். என் தேவன் ஒட்டன்சத்திரத்துக்காரி ஒருத்தியை எனக்காகப் புனேயில் இருபது வருடம் முன்பே கொண்டுபோய் வைத்திருந்தார். உங்களுக்கும் ஒருவரை வைத்திருப்பார். அவர் அனுப்பும் ஆள் ஆலோசகராக வரலாம், மருத்துவராக வரலாம், நம் சாமியை அறியாதவராகவும் வரலாம். யாராக வந்தாலும் கதவைத் திறந்துவிடுங்கள். எபிக்காகவும் எனக்காகவும் தொடர்ந்து ஜெபித்துக்கொள்ளுங்கள்.