பீரோ மேல் கேமரா

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு எனக்கு வேலையில் மனசே ஒட்டவில்லை. எலும்பு முறியவில்லை, ஓய்வெடுத்தால் போதும் என்றார் டாக்டர். ஆனால் பகல் முழுக்க அவள் ஆவடி பக்கம் கோவில்பதாகை வீட்டில் தனியாக, நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலையில். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் கை ஃபோனுக்குப் போகும்.

என்னிடம் சின்ன வீடியோ கேமரா ஒன்று இருந்தது. அது பிடிப்பதை ஃபோனில் பார்க்கலாம், சத்தமும் கேட்கும். ஆனால் கட்டிலைக் காட்டினால் சமையல்கட்டு தெரியாது, சமையல்கட்டைக் காட்டினால் கட்டில் தெரியாது. தானாகத் திரும்பும் கேமரா கடையில் கிடைக்கும்தான். போய் வாங்கும்வரை பொறுக்கிற ஆளா நான்? மெதுவாகச் சுற்றும் மோட்டார் ஒன்றைப் பலகையில் பொருத்தினேன். அதில் ஒரு தகட்டுக் கை, கையின் மேல் கேமரா. இரண்டு கோடியிலும் ஒரு சுவிட்ச். கை போய் இடித்தால் 'டக்' என்று நின்று, திரும்பி வரும். பீரோ மேல் ஏற்றிவிட்டேன்.

"இன்னாடா இது, எலி கொறிக்கிற மாரி சத்தம் போட்டுகினு கீது" என்றாள் அம்மா.

வேலை நடுவே ஃபோனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். கேமரா கட்டில் பக்கம் வரும்போதெல்லாம் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து கையாட்டுவாள்.

"இன்னா மாமே, சீரியல் ஓடுதா?" என்பான் கூட வேலை செய்கிறவன்.

"போடா, வேலையப் பாரு."

கண்ணால் பார்த்தும் ஏனோ நிம்மதி வரவில்லை. வீட்டுக்குப் போய் வலிக்கிறதா என்று கேட்டால், "நல்லாத்தான்டா கீறேன். நீதான் மிஷின்ல பாக்குறியே" என்பாள்.

ஒருநாள் மத்தியானம் படம் கட்டிலிலேயே நின்றுவிட்டது. கேமராவைக் கையோடு பிடித்த திருகு லூசாகியிருக்க வேண்டும். கை மட்டும் போய்வர, கேமரா அசையவில்லை. ஃபோனில் 'டக்' கேட்டது. அம்மா சிரித்துக் கையாட்டினாள். அடுத்த 'டக்'. சத்தத்தை வைத்து, கேமரா சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். இடுப்பைப் பிடித்தபடி அப்படியே சரிந்து, தலையணையில் முகத்தை அழுத்தி அழுதாள். மறுபடி 'டக்'. முந்தானையால் முகத்தைத் துடைத்து, கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். சிரித்தாள்.

யாரிடம் சொன்னேன், எப்படி வண்டியை எடுத்தேன், எதுவும் நினைவில்லை. ஆவடி நெரிசலில் முன்னால் நின்றவர்களையெல்லாம் திட்டினேன். என்னையும் திட்டிக்கொண்டேன். பெரிய இன்ஜினியர் மாதிரி மோட்டார் மாட்டி, பாவம், வலியோடு கிடந்தவளை நாளெல்லாம் எழுப்பி உட்கார வைத்திருக்கிறேன்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. கதவோரமிருந்த சுவிட்சை அணைத்தேன். மோட்டார் நின்றது.

அம்மா தலையைத் தூக்கினாள்.

"மிஷின் நின்னு பூட்ச்சே. புள்ள அங்க பயந்துக்குவானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எனக்கு ஃபோன் போட, முனகிக்கொண்டே எழுந்திருக்கப் பார்த்தாள்.