கண்ணை மூடாத ஜெபம்

என் மனைவிக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘அடுத்தது என்ன’. கல்யாணமான புதிதில் நீச்சல் கற்றுக்கொண்டாள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் இவளும் ஒரு பையை மாட்டிக்கொண்டு டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்குக் கிளம்பினாள். நாற்பத்தெட்டு வயதில், ஆலயப் பாடகர் குழுவுக்காக வயலின் பழகினாள். அந்த ஒன்பது மாதம் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் பட்ட பாட்டை ஆண்டவர் ஒருவரே அறிவார். நானோ முப்பத்தெட்டு வருஷம் ஒரே கடையில், ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்தியவன். புதிதாக ஒரு சட்டை வாங்கவே ஆறு மாதம் யோசிப்பேன்.

“எதுக்கு இந்த வயசுல?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன்.

“கடவுள் இவ்ளோ பெரிய உலகத்தைப் படைச்சு வெச்சிருக்காரு. நான் சமையல்கட்டை மட்டும் பாத்துட்டு அவர் முன்னாடி போய் நின்னா, ‘என்னம்மா, அவ்ளோதானா?’ன்னு கேக்க மாட்டாரா?” என்பாள். அவளுடைய விசுவாசம் அப்படிப்பட்டது. என்னுடையது, ஞாயிற்றுக்கிழமை அவள் இழுத்த இழுப்புக்கு ஆலயத்துக்குப் போய் வருகிற அளவு.

போன வருஷம் கண் டாக்டர், இனி நான் கார் ஓட்டவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவனுக்கு வந்த கதியைப் பாருங்கள். மகள் வீடு நான்கு மணி நேரத் தொலைவு, நேர் பஸ்ஸும் கிடையாது. பேத்தி பிறந்து மூன்று மாதமாகியும் போனில்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு இருந்த எரிச்சலில், காரை எடுத்துக்கொள்ளும்படி மச்சினனிடம் சொல்லிவிட்டேன். அவனும் இரண்டு மாதம் கழித்து வருவதாகச் சொன்னான்.

“யாருக்கும் குடுக்க வேணாம். நான் ஓட்டறேன்,” என்றாள் இவள். அவளுக்கு அறுபத்தொன்று.

பயிற்சிப் பள்ளியில் கூடப் படித்தவர்களுக்கு அவள் வயதில் பாதிகூட இல்லை. கிளட்சை விட்டால் வண்டி துள்ளும். “வயலினுக்கு இது எவ்ளோ பரவால்லைங்க,” என்று வீட்டுக்கு வந்து சொல்வாள்.

டெஸ்ட் நாளன்று நானும் போனேன். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, “எடுங்கம்மா,” என்றார். வண்டி நகர்ந்து பத்தடிகூடப் போயிருக்காது. எந்தக் காரியத்தைத் தொடங்கினாலும் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்வது அவள் பழக்கம். அன்றைக்குப் பதற்றத்தில் மறந்துவிட்டாள். நினைவு வந்ததும், ஓடுகிற வண்டியிலேயே கண்ணை மூடிவிட்டாள். வரிசையாக நிறுத்தியிருந்த பிளாஸ்டிக் கூம்புகளில் மூன்று சாய்ந்தன. “அம்மா! அம்மா!” என்று இன்ஸ்பெக்டர் கத்தக் கத்த, ‘ஆமென்’ சொல்லிவிட்டுத்தான் பிரேக்கை மிதித்தாளாம்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். வீட்டுக்கு வந்தும் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் சத்தத்தையே காணோம் என்று உள்ளே போய்ப் பார்த்தால், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள்.

“பாட்டின்னா அது ஒரு போனுதான்னு நினைச்சுக்கிட்டே புள்ள வளந்துடும்ங்க. தம்பிய வந்து காரை எடுத்துக்கச் சொல்லுங்க.”

அவள் ஒன்றைக் கைவிட்டு நான் பார்த்ததில்லை. என் சிரிப்பு எனக்கே கசந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவள் புதிதாக ஒன்றைத் தொட்டபோதெல்லாம் எனக்கு உள்ளூரப் பொறாமைதான். அன்றே மச்சினனுக்குப் போன் செய்து, இன்னும் பதினைந்து நாள் பொறுக்கச் சொன்னேன்.

இரண்டாவது டெஸ்ட். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் குனிந்து சொன்னேன்: “இங்க பாரு. நீ ரோட்டைப் பாரு. கண்ணை மூடற வேலைய நான் பாத்துக்கறேன்.”

எனக்குக் கொம்பு முளைத்த மாதிரி பார்த்தாள். அதே இன்ஸ்பெக்டர்தான். “இந்தம்மா மூடாம இருந்தா எனக்கு அதுவே போதும் சார்,” என்றார்.

மைதானத்தின் ஓரத்தில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். யாரும் இழுக்காமல் நானாக ஜெபிப்பது அதுதான் முதல் தடவை. என்ன சொல்வதென்றே தெரியவில்லை. ‘ஆண்டவரே, நான்தான். இவகூட வருவேனே, அவன்தான். இவளை ஓட்ட விடுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்,’ என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வண்டி போவதும், நிற்பதும், பின்னால் வருவதும் காதில் விழுந்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை.

முகத்துக்கு நேரே ஹாரன் அலறியது. கூம்புகள் எல்லாம் நின்றபடியே இருந்தன. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ரிவர்ஸ் எடுத்தேனே, பாத்தீங்களா?”

“எங்க பாத்தேன்? கண்ணை மூடிட்டுல்ல இருந்தேன்.”

“முழுசுமா?”

“முழுசும்.”

பாஸ் ஆனதற்கு வராத கண்ணீர் அப்போது வந்தது அவளுக்கு.

அந்தச் சனிக்கிழமையே கிளம்பினோம். நான்கு மணி நேரப் பயணம் ஆறு மணி நேரமாயிற்று. பேத்தியை முதலில் மடியில் வாங்கியது நான்தான். பாட்டி இன்னும் வாசலில் வண்டியை நேராக நிறுத்திக்கொண்டிருந்தாள்.