ஐந்தாம் குழியின் மேல் ஒரு லோடு ஜல்லி

காலை எட்டு மணிக்கு அவருடைய வண்டிச் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் தொடங்கிவிடும். இறங்கியதும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "முடிஞ்சுருச்சா மேடம்?" திருமங்கலம் தாண்டி, வீட்டுமனைகளாகப் பிரிக்கப்படவிருந்த ஒரு மானாவாரிக் காட்டில் அவர் சைட் இன்ஜினியர், நான் தொல்லியல் ஆய்வாளர். பாதைக்கு மண் வெட்டியபோது பழைய பானை ஓடுகள் அகப்பட்டதால், மனைகளுக்கு அனுமதி தருமுன் சோதனைக் குழிகள் தோண்டிப் பார்க்கும்படி எங்களை அனுப்பியிருந்தார்கள்.

மூன்று வாரம் அவரோடு மல்லுக்கட்டினேன். நான் கயிறு கட்டிக் குறித்த இடத்தில் செங்கல் இறக்கி வைப்பார். கேட்டால், "காலி இடமாத்தான மேடம் கெடந்துச்சு" என்பார். மண்ணை அடுக்கடுக்காகச் சுரண்டி, ஒவ்வோர் அடுக்கையும் வரைந்து, படமெடுத்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும் என்று எத்தனையோ முறை விளக்கிவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொக்லைன விட்டா அர மணி நேரந்தான்" என்பார். முதல் நான்கு குழிகளில் கரிசல் மண்ணும் சுண்ணாம்புக் கல்லும் தவிர எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்தாவது குழியில், இடுப்பளவு ஆழத்தில், ஒரு தாழியின் வாய் தெரிந்தது. இறந்தவர்களின் எலும்புகளை வைத்துப் புதைத்த பெரிய மண்பானை. அருகிலேயே கறுப்பும் சிவப்புமாக மூன்று சிறு கிண்ணங்கள். அவர் குழியின் விளிம்பில் குத்தவைத்து வெகுநேரம் பார்த்தார். "உள்ள ஆளு இருக்காகளா?" என்றார். இருக்கலாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு வந்துவிட்டுத் திங்கட்கிழமை போனால் குழியைக் காணோம். அந்த இடத்தில் ஆளுயரத்துக்கு ஜல்லி குவிந்து கிடந்தது. நான் அதுவரை யாரையும் அப்படித் திட்டியதில்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கூலியாட்கள் நகர்ந்ததும் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"முதலாளி ஆளுக நேத்து வந்தாக மேடம். தாழி இருந்தா மனைக்கு அனுமதி கெடைக்காது, ஒடச்சு அள்ளிட்டுப் போயிரணும்னு பேச்சு. மொத நா ராத்திரியே காதுல விழுந்துச்சு, அதான் முந்திக்கிட்டேன். சாக்கு விரிச்சு, மணலப் போட்டு, அதுக்கு மேல ஒரு லோடு ஜல்லிய எறக்கிட்டேன். ஜல்லியக் கொட்டி நானே நொறுக்கிட்டேன்னு சொன்னதும் திரும்பிப் போயிட்டாக."

"எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"பண்ணேன். நீங்க எடுக்கல."

போனை எடுத்துப் பார்த்தேன். ஆறு அழைப்புகள். முடிந்துவிட்டதா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நான் எடுக்காமல் விட்டவை.

ஜல்லியைக் கூடை கூடையாக அள்ளி அப்புறப்படுத்த இரண்டு நாள் ஆயிற்று. மணலை விலக்கியபோது கிண்ணங்கள் அப்படியே இருந்தன; தாழியின் வாயில் மட்டும் பாரம் தாங்காமல் ஒரு புது விரிசல் ஓடியிருந்தது. அதைப் பார்த்ததும் மறுபடியும் எரிச்சல் வந்ததை மறைக்க மாட்டேன். கொஞ்சம் தள்ளிக் கொட்டியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்.

விரிசலுக்குக் காரணத்தை அறிக்கையில் சொல்லியாக வேண்டும். நடந்ததை எழுதினால், முதலாளியை ஏமாற்றியது தெரிந்து அவர் வேலை போய்விடும். எழுதாவிட்டால் பழி எங்கள் குழுவின் மேல் விழும். அவரிடமே கேட்டேன்.

"எம்மேல எழுதிக்கங்க மேடம். தெரியாமக் கொட்டிட்டான்னு போடுங்க. வேல போனாத்தான் கஷ்டம். திட்டு வாங்குறதுல என்ன இருக்கு? மூணு வாரமா வாங்குறதுதான."

அப்படியே எழுதினேன். தாழியைப் பத்திரமாக எடுத்தோம். அந்த இடத்தைப் பூங்காவுக்கு ஒதுக்கினார்கள். சுற்றிலும் இப்போது வீடுகள். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு, "இப்படிப்பட்ட ஆளோட எப்படி மேடம் வேலை பாத்தீங்க?" என்று கேட்பார்கள். 'சைட் இன்ஜினியரின் கவனக்குறைவால்' என்ற வரி என் கையெழுத்துக்கு நேர் மேலே இருக்கிறது. அந்த வரி பொய். அவர் அந்த நிறுவனத்தை விட்டு விலகிவிட்டதாகச் சென்ற மாதம் கேள்விப்பட்ட பிறகுதான் இதை எழுத முடிகிறது.