எங்கள் வீட்டுக்கு நான்காவது நிறம்

கல்யாணமாகி நாற்பதாம் நாள் அவர் வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிட்டார். எங்கள் ஊர் லெப்பைக்குடிக்காட்டில் அது புதிதில்லை. ஆனால் ஹாலில் இருந்த போனில், மாமனார் மாமி முன்னால், நான் என்ன பேச முடியும்? அதனால்தான் கம்பியில்லாத போன் ஒன்று கொடுத்தனுப்பினார். அதை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனால் 'மச்சான்' என்று கூப்பிடலாம். வாரம் முழுக்க அந்த ஒரு சொல்லுக்காக ஏங்கிக் கிடந்தேன்.

வந்தது வினை. தெருவில் ஏழு வீட்டிலும் அதே கடைப் போன், அதே மாடல், அதே அலைவரிசை. ஒருத்தராவது மாற்றி வாங்கியிருக்கலாம், மாட்டார்களே! வெள்ளிக்கிழமை அங்கே ஜும்மா தொழுகை முடிந்த கையோடு எல்லோரும் கூப்பிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரி பேசினால் எனக்கு ஒரே இரைச்சல். இரைச்சலுக்கு நடுவே அவள் வீட்டுக்காரர் என் காதில் கொஞ்சுவார்.

திருச்சியில் எம்.எஸ்சி. கணக்குப் படித்தவள் சும்மா இருப்பேனா? கிராஃப் தியரியை எடுத்தேன். வீட்டுக்கு ஒரு புள்ளி. ஒன்றையொன்று கெடுக்கும் வீடுகளுக்கு நடுவே ஒரு கோடு. கோடு சேர்க்கும் இரண்டு புள்ளிக்கும் ஒரே நிறம் கூடாது. ஒரு நிறம் என்பது கால் மணி நேரம். தெருக்கோடி வீடுகள் இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தாலும் பாதகமில்லை. நான்கு நிறத்தில் ஏழு வீடும் அடங்கியது. யாருக்கு எந்தக் கால் மணி என்று எழுதி வீட்டுக்கு வீடு கொடுத்தேன்.

எந்தப் புள்ளியில் தொடங்குகிறோமோ அதற்குத்தான் முதல் நிறம். புது மருமகள் தன் வீட்டிலிருந்தா தொடங்குவாள்? மற்ற ஆறையும் முடித்துவிட்டு வந்தேன். நடுவில் இருந்த எங்கள் வீட்டைச் சுற்றி மூன்று நிறமும் வந்துவிட்டன, மிச்சம் நான்காவது. தொழுகை முடிந்து முக்கால் மணி நேரத்தில் அவருக்கு ஷிப்ட் வேன் வந்துவிடும். தெரிந்தேதான் செய்தேன். யாராவது மாற்றிக்கொடுப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, பைத்தியக்காரி.

என்னுடைய கால் மணி நேரத்தில் மாடியில் போனோடு உட்கார்ந்திருப்பேன். இரைச்சல் இல்லை. அவரும் இல்லை.

மூன்றாவது வெள்ளி, முதல் கால் மணியிலேயே, இரைச்சல் வராத ஹால் கம்பி போன் அடித்தது. அவர்தான்.

"கணக்குப் போட்டவ நீதான புள்ள? நம்ம வூட்டுலேர்ந்து ஆரம்பிச்சிருக்கக் கூடாதா?"

மாமனார் பேப்பரை மடித்தார். மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்கேங்க," என்றேன். "மாமிகிட்ட குடுக்கவா?"